ஓடைப் பாதையில் வந்த மருமகள்: மானுவேல் அர்கில்யாவின் வாழ்வும் கதைகளும்

பிலிப்பைன்ஸ் சிறுகதைகளைப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் மானுவேல் அர்கில்யாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டவர் எப்படி இவ்வளவு பேசப்படுகிறார்? அமெரிக்க ஆட்சியாளர்கள் கொண்டுவந்த ஆங்கிலத்தில் எழுதியவரை மண்ணின் எழுத்தாளர் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்? இந்த மூன்றில் நடுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். ஆகவே அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

அர்கில்யா 1911 ஜூன் 17 அன்று பிறந்தார். ஊர் நக்ரெப்கன். லூசோன் தீவின் வடமேற்குக் கரையில், லா யூனியோன் மாகாணத்தில், பாவாங் என்னும் கடலோர ஊரைச் சேர்ந்த சிற்றூர் அது. தந்தை கிறிசாந்தோ உழவர். தாய் மார்கரீத்தா மண்பாண்டம் செய்பவர். வீட்டில் பேசிய மொழி இலோக்கானோ. மேற்கே தென்சீனக் கடல், கிழக்கே மலை, நடுவில் நெல்லும் புகையிலையும் விளையும் குறுகலான நிலம். அந்த நிலம் எல்லோருக்கும் போதாமல், 1906 முதலே இலோக்கானோ இளைஞர்கள் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மாகாணமான பங்கசினானில், இதே போன்ற இலோக்கானோ உழவர் குடும்பத்தில், ஏறக்குறைய இதே காலத்தில் பிறந்த கார்லோஸ் புலோசானும் 1930-இல் அமெரிக்காவுக்குப் போனவர்தான். அர்கில்யா அவ்வளவு தூரம் போகவில்லை. மணிலாவுக்குப் படிக்கப் போனார். ஆனால் ஊரைவிட்டுப் படிக்கப் போனவன் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்பதைத்தான் தன் மிகச் சிறந்த கதையாக எழுதினார்.

ஆங்கிலம் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. ஸ்பெயினிடமிருந்து தீவுகளைக் கைப்பற்றிய அமெரிக்கா, 1901 ஆகஸ்டில் தாமஸ் என்ற கப்பலில் ஏறக்குறைய 500 ஆசிரியர்களை மணிலாவில் கொண்டுவந்து இறக்கியது. பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆனது. 1908-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஒரே தலைமுறைக்குள் அந்த மொழியில் கதை பிறந்துவிட்டது. பாஸ் மார்க்கெஸ் பெனீத்தெஸ் 1925-இல் எழுதிய 'இறந்த விண்மீன்கள்' என்ற கதையைத்தான் பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சிறுகதையின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அர்கில்யா பிறந்தபோது அந்த நாட்டில் ஆங்கிலத்துக்குப் பத்து வயது. அவர் கல்லூரிக்குப் போகும்போது அந்த மொழியில் பிலிப்பினோச் சிறுகதை என்பது நான்கைந்து ஆண்டுக் குழந்தை. முன்னோடி என்று சாய்ந்துகொள்ள யாரும் இல்லாத நிலை அது. அவர் காலத்து இளைஞர்கள் பலரும் அமெரிக்க இதழ்களில் வந்த கதைகளைப் பார்த்து எழுதிப் பழகினார்கள். படித்த நகரத்துக் காதலும் கடிதமும் பிரிவுமாகக் கதைகள் வந்துகொண்டிருந்தன.

அர்கில்யா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் படித்து 1933-இல் பட்டம் பெற்றார். அங்கிருந்த எழுத்தாளர் மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். அதன் இதழையும் ஆசிரியராக நடத்தினார். உடன் படித்த லிதியா வில்யனுவேவாவை மணந்துகொண்டார். அவரும் எழுத்தாளர். மணிலாவின் எர்மித்தா பகுதியில் இருந்த அவர்கள் வீடு எழுதுபவர்களும் ஓவியர்களும் கூடிப் பேசும் இடமாக இருந்தது. அர்கில்யா மணிலா பல்கலைக்கழகத்தில் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார். பிறகு அரசின் பொதுநல அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அது வெளியிட்ட இதழை 1943 வரை கவனித்துக்கொண்டார். சம்பளத்துக்கு வேலை, மிஞ்சிய நேரத்தில் கதை. வெளிப்பார்வைக்கு அவ்வளவுதான் அவர் வாழ்க்கை, போர் வரும்வரை.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். 'என் அண்ணன் லியோன் மனைவியை வீட்டுக்கு அழைத்துவந்த விதம்' என்பது தலைப்பு. பிலிப்பைன்ஸில் பள்ளிக்கூடம் போன எவரும் இதைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லும் அளவுக்குப் பாடநூல்களில் இடம்பெற்ற கதை. பள்ளியில் படித்ததாலேயே பலர் இதை ஓர் இனிமையான கிராமத்துக் கதையாக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது ஒரு தேர்வைப் பற்றிய கதை. தேர்வு வைப்பவர் கடைசி வரையில் இருட்டு அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை.

கதை சொல்பவன் பால்தோ என்ற சிறுவன். மணிலாவில் படித்த அண்ணன் லியோன், மரியா என்ற நகரத்துப் பெண்ணை மணந்துகொண்டு ஊருக்கு வருகிறான். அவர்களை அழைத்துவரப் பால்தோ மாட்டு வண்டியுடன் போகிறான். வண்டியில் பூட்டியிருப்பது லாபங் என்ற பெரிய காளை. வீட்டில் குதிரையும் வண்டியும் இருக்கின்றன. ஆனாலும் தந்தை காளை வண்டியைத்தான் அனுப்பியிருக்கிறார். வழக்கமான நெடுஞ்சாலை வழியாக வரக்கூடாது, வாயிக் வழியாக வா என்றும் சொல்லியிருக்கிறார். வாயிக் என்பது கோடையில் வற்றிக் கிடக்கும் ஓடை. அதன் படுகையே அந்தக் காலத்தில் பாதை. பொழுது சாய்ந்துவிட்டது. மருமகளுக்கு வைக்கோல் பரப்பிய வண்டி, கொம்பு நீண்ட காளை, ஓடையின் கூழாங்கல், தலைக்கு மேலே விண்மீன்கள். ஏன் இந்த வழி என்று லியோன் தம்பியிடம் கேட்கிறான். அப்பா சொன்னார் என்று தம்பி சொல்கிறான். குதிரை வண்டிக்குப் பதிலாக லாபங்கைப் பூட்டச் சொன்னவரும் அவர்தானா என்று லியோன் கேட்கிறான். அதற்குமேல் அந்தப் பேச்சு போகவில்லை. லியோனுக்குப் புரிந்துவிட்டது. அவன் சிரித்துவிட்டு மனைவிக்கு விண்மீன்களைக் காட்டுகிறான்.

இங்கே ஒரு பாட்டு வருகிறது. இருட்டில் லியோன் பாடத் தொடங்குகிறான்; மரியாவும் சேர்ந்து பாடுகிறாள். அவன் படிக்கப் போவதற்கு முன்பு, இரவில் வயலில் புல் அறுக்கும்போது தந்தையும் அவனும் பாடிய பாட்டு அது. அதை நகரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பால்தோவுக்கு இது ஒரு சின்ன வியப்பு மட்டுமே. வீட்டுக்கு வந்ததும் மற்றவர்கள் கீழே மருமகளை வரவேற்கும் நேரத்தில் தந்தை பால்தோவைத் தன் அறைக்கு வரச் சொல்கிறார். விளக்கு இல்லை. கால் வலியோடு மேற்குச் சன்னலருகே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டிருக்கிறார். வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்கிறார். லாபங்கைப் பார்த்து அவள் பயந்தாளா என்கிறார். பிறகு, அண்ணன் என்ன பாடினான் என்கிறார். அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி, அவளும் சேர்ந்து பாடினாள் என்று பையன் சொன்னதும் அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். மகன் ஊரை மறந்துவிட்டானா, வந்தவள் இந்த வீட்டில் நிற்பாளா என்ற இரண்டு கவலைக்கும் அந்த ஒரு பதிலில் விடை இருக்கிறது. அவர் அதை வாயால் சொல்வதில்லை. மகனும் மருமகளும் அறைக்குள் வந்து நிற்கும்போது, காளைக்குத் தண்ணீர் காட்டினாயா என்று சின்னவனைக் கேட்கிறார். இன்னும் இல்லை, இளைப்பாறுகிறது என்கிறான். காட்டும் நேரம் ஆகிவிட்டது என்கிறார். அவ்வளவுதான். வேலை முடிந்த காளைக்குத்தான் தண்ணீர். தேர்வு முடிந்துவிட்டது.

இந்த அடக்கத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். மாமனார் எழுந்து வந்து மருமகளை ஆசீர்வதிக்கும் காட்சி ஒன்றை எழுதியிருந்தால் எத்தனையோ வாசகர்கள் கண் கலங்கியிருப்பார்கள். இருபதுகளில் இருந்த எழுத்தாளருக்கு அந்த ஆசை வந்திருக்காது என்று சொல்ல முடியாது. அவர் அதை எழுதவில்லை. உழவர் வீட்டுத் தந்தை எப்படிப் பேசுவார் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். இந்தக் கதையை ஆங்கிலத்தில் படிக்கும்போது ஒரு விஷயம் முதலில் உறுத்தும். பால்தோ ஒரு முறைகூட வெறுமனே 'லியோன்' என்று சொல்வதில்லை. எப்போதும் 'என் அண்ணன் லியோன்'தான். பத்து வரிக்குள் ஐந்து முறை வந்தாலும் அப்படியே. ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் முதல் முறைக்குப் பிறகு பெயரை மட்டும் வைப்பார்கள், அல்லது 'அவன்' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இலோக்கானோ வீட்டில் தம்பி, அண்ணன் பெயரைத் தனியாகச் சொல்வது மரியாதை இல்லை. அந்த மரியாதையை அர்கில்யா ஆங்கில வாக்கியத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப வருவதால் அது ஒரு தாளமாகவும் ஆகிவிடுகிறது. நேரில் அழைக்கும்போது 'மனோங்' என்ற இலோக்கானோச் சொல்லையே வைக்கிறார். அதற்குப் பொருள் அண்ணன். பெரியவர்களுக்கு 'லாக்காய்', 'கா' போன்ற முன்னொட்டுகள் வரும். எதற்கும் அடைப்புக்குறியில் பொருள் தருவதில்லை. தமிழில் பெயர்ப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் அந்நியமாகத் தெரியும் 'மனோங்', தமிழில் 'அண்ணா' என்று எந்த இழப்பும் இல்லாமல் வந்துவிடும். ஆங்கிலத்துக்குள் இருக்கும் இலோக்கானோக் கதையை அப்படியே எடுத்துத் தமிழில் வைத்துவிடலாம் போலிருக்கிறது.

பெயரிலும் ஒரு நுட்பம். மரியா கணவனை 'நோயெல்' என்று அழைக்கிறாள். ரோமன் எழுத்தில் லியோனைப் பின்னிருந்து படித்தால் நோயெல். மணிலாவில் அண்ணனுக்கு வேறு பெயர் இருக்கிறது என்று அறிந்த தம்பிக்கு ஒரு கணம் சங்கடம். அப்பாவுக்குப் பிடிக்காதோ என்று கவலை. பிறகு, அண்ணன் பெயரைத்தான் திருப்பிச் சொல்கிறாள், அப்படிச் சொல்வது இன்னும் நன்றாகவே இருக்கிறது என்று சமாதானம் அடைகிறான். நகரத்துக்குப் போனவன் தலைகீழாக மாறிவிட்டானா, எழுத்துகள் அதேதானா என்ற முழுக் கதையும் இந்த ஒரு பெயரில் அடங்கியிருக்கிறது. சிறுவன் அதைச் சிறுவனாகவே யோசிக்கிறான்.

மூன்றாவதாக வாசனை. ஓடைப் பாதையில் இரவில் என்னென்ன மணக்கும் என்று அர்கில்யா ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: வெயிலில் சுட்டு ஆறிக்கொண்டிருக்கும் மண், வெளியே தெரியும் வேர்கள், வண்டியில் கிடக்கும் புல், பிறகு 'தங்லா' புதரின் கனத்த நெடி. இந்தத் தங்லா வேறொன்றும் இல்லை, நம் நொச்சிதான். அதே செடியை, மணிலாப் பகுதி மொழியான தகாலோகில் லகுண்டி என்பார்கள். இதை அறிந்த நாளிலிருந்து அந்தப் பத்தியைப் படிக்கும்போது எனக்கு அந்த ஓடை எங்கோ தொலைவில் இருக்கும் ஓடையாகத் தோன்றுவதில்லை. கசப்பும் காரமும் கலந்த அந்த நெடியை அவர் நல்ல மணம் என்று பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தக் கனத்த நெடிக்கு எதிரே மரியாவின் மணம், பப்பாளி பூத்த காலைப் பொழுது போல இருந்தது என்கிறான் பையன். மல்லிகை, ரோஜா என்று போயிருந்தால் அது படித்த மணம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் பப்பாளி, அந்தச் சிறுவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய உவமை.

ஆகவே ஆட்சியாளர் மொழியில் எழுதியவர் மண்ணின் எழுத்தாளரா என்ற கேள்விக்கு என் பதில் இது: அர்கில்யா ஆங்கிலத்தில் யோசித்து நக்ரெப்கனைப் பற்றி எழுதவில்லை. நக்ரெப்கனில் கேட்ட பேச்சை ஆங்கிலத்தில் பதித்தார். இதற்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் தாயும் தந்தையும், வண்டி ஓட்டிய அண்டை வீட்டுக்காரர்களும் இந்தக் கதைகளைப் படித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வேதனை அவர் தலைமுறை முழுவதற்கும் உரியது. 1935-இல் அமெரிக்க ஆட்சிக்குக் கீழேயே தன்னாட்சி அரசு அமைந்ததும் தேசிய மொழி பற்றிய பேச்சு வலுத்தது. 1937-இல் தகாலோக் அதற்கு அடிப்படையாக அறிவிக்கப்பட்டது. இலோக்கானோக்காரருக்கு அதுவும் இன்னொருவர் மொழிதான். பள்ளிக்கூடம் கையில் கொடுத்த கருவி ஆங்கிலம். அதை எடுத்துத் தன் நிலத்தை உழுதார்.

மற்ற கிராமத்துக் கதைகளில் 'நடுக்கோடை' மிகச் சிறியது. உச்சி வெயிலில் மாட்டு வண்டி ஓட்டி வரும் ஓர் இளைஞன், குடம் சுமந்து கிணற்றுக்கு வரும் ஒரு பெண். இருவருக்கும் பெயரே இல்லை. அவன் அவளை 'அடிங்' என்கிறான், தங்கை போன்ற இளையவளை அழைக்கும் சொல். அவள் அவனை 'மனோங்' என்கிறாள். அவன் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறான். வெயிலாக இருக்கிறதே, எங்கள் வீட்டில் இளைப்பாறிவிட்டுப் போங்கள் என்று அவள் அழைக்கிறாள். அவன் வண்டியோடு பின்னால் போகிறான். கதை முடிந்தது. நிகழ்ச்சி என்று எண்ணினால் ஒன்றும் இல்லை. ஆனால் வெயில் இறங்கி உடம்பில் ஏறுவது போல எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அர்கில்யாவின் பெண்கள் பெரும்பாலும் பார்க்கப்படுகிறார்கள், பார்ப்பதில்லை. மரியாவின் உயரத்தையும் மணத்தையும் நாம் அறிவோம். அந்தக் காளையைக் கண்டு அவள் உள்ளுக்குள் என்ன நினைத்தாள் என்று அறிய மாட்டோம். கதை சொல்பவன் சிறுவன் என்பது இதற்கு ஓரளவு நியாயம். 'நடுக்கோடை'க்கு அந்த நியாயமும் கிடையாது.

கிராமத்தை இனிப்பாக மட்டும் எழுதினார் என்று சொல்பவர்கள் 'நக்ரெப்கனில் காலை' என்ற கதையைப் படிக்க வேண்டும். பனி விலகும் விடியலில் தொடங்குகிறது. பால்தோ, அம்போ என்று இரண்டு சிறுவர்கள், சில நாய்க்குட்டிகள். சிறுவர்களுக்குள் சண்டை வருகிறது, குட்டி கடித்துவிடுகிறது. சினம் கொண்ட தந்தை அந்தக் குட்டியை அடித்துக் கொன்றுவிடுகிறார். ஏன் என்று கேட்ட மனைவிக்கும் அடி. பிறகு பிள்ளைகள் குட்டியைப் புதைக்கிறார்கள். சூரியன் ஏறிக்கொண்டே இருக்கிறது. தந்தையைக் கெட்டவராக்கி அவர் கதையை முடிக்கவில்லை. அன்பும் அடியும் ஒரே கையிலிருந்து வரும் வீடுகளை அறிந்தவர் எழுதியது என்று படித்தவுடன் தெரிந்துவிடும். லியோன் கதையின் அமைதிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படித்தால்தான் அவருடைய கிராமம் முழுதாகக் கிடைக்கும்.

1930-களின் பிற்பகுதியில் அவர் எழுத்து திரும்புகிறது. காரணம் நாட்டு நிலை. நிலம் சிலர் கையில், உழைப்பவர் குத்தகைக்காரர். கடனாக வாங்கிய நெல்லை அறுவடையில் பெருக்கித் தர வேண்டும். 1935 மே மாதத் தொடக்கத்தில் மணிலாவைச் சுற்றியுள்ள மாகாணங்களில் சக்தால் இயக்கத்தைச் சேர்ந்த உழவர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். கலகம் இரண்டு நாளில் நசுக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இயக்கத்தை நடத்திய பெனிக்னோ ராமோஸ் தகாலோகில் கவிதை எழுதியவர் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. அர்கில்யா இந்தக் கலகத்தின் பின்விளைவை ஒரு கதையாக எழுதினார்.

அப்போது பிலிப்பினோ எழுத்தாளர்களிடையே பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஹோசே கார்சியா வில்யா. சொல்லின் அழகைத் தவிர எழுத்துக்கு வேறு கடமை இல்லை என்பவர். தன் கவிதைகளுக்காக 1929-இல் பல்கலைக்கழகத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர். கதைப் பரிசாகக் கிடைத்த 1000 பெசோவோடு அமெரிக்கா போனவர். மறுபக்கம் சால்வதோர் லோபெஸ். எழுத்தாளன் தன் காலத்து மக்களின் துயரத்துக்கு முகம் திருப்பக் கூடாது என்பவர். 1939-இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்தப் பக்கத்துக்கு வலிமை தந்தது. அர்கில்யா அதில் முன்னின்று உழைத்தார்.

அந்தக் காலத்துக் கதைகளில் 'அரிசி'யை எனக்கு மிகவும் பிடிக்கும். பப்லோ என்ற குத்தகை உழவன் கடனுக்கு நெல் கேட்கப் போய் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறான். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பசிக்கு வயலில் நத்தை பொறுக்கப் போனால் அதற்கும் தடை. நெல்லை விளைவித்தவன் வீட்டில் அரிசி இல்லை. கடைசியில் ஆண்கள் வெட்டுக்கத்திகளை எடுத்துக்கொண்டு அரிசியைக் கைப்பற்றப் புறப்படுகிறார்கள். இதில் முழக்கம் எதுவும் இல்லை. நுகத்தடியிலிருந்து எருமையை அவிழ்க்கும் நிதானத்தோடு எழுதியிருக்கிறார். கடைசிக் கோபம் அதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

நகரத்துக் கதைகள் எல்லாமே இந்த உயரத்துக்கு வரவில்லை என்பது என் கருத்து. அச்சுப் பிழை திருத்துபவர் ஒருவர் சம்பள உயர்வு கேட்டு அலையும் 'பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்' நல்ல கதை. அலுவலகத்தின் சிறு அவமானங்களை அவர் நேரில் அறிந்தவர். புத்தகம் படித்துப் புரட்சி பேசுவோரைப் பற்றிய 'சோசலிஸ்டுகள்' கதையில் கூர்மை இருக்கிறது, ஆனால் மண் இல்லை. பாத்திரங்கள் கருத்தைச் சுமந்துகொண்டு நடப்பது தெரிகிறது. நக்ரெப்கன்காரர்கள் எந்தக் கருத்தையும் சுமப்பதில்லை. புல்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமக்கிறார்கள்.

1940-இல் தன்னாட்சி அரசு முதன்முதலாக இலக்கியப் போட்டி ஒன்றை நடத்தியது. ஆங்கிலச் சிறுகதையில் முதல் பரிசு அர்கில்யாவின் தொகுப்புக்கு. அதே போட்டியில் கட்டுரைக்கு லோபெஸ், கவிதைக்கு சுலுவேத்தா த கொஸ்தா, நாவலுக்கு ஹுவான் லாயா. அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வில்யாவின் கவிதைகளுக்குப் பாராட்டு மட்டுமே கிடைத்தது. வாதத்தில் யார் பக்கம் காற்று வீசியது என்று இதிலிருந்தே தெரியும். ஆனாலும் அர்கில்யாவை லோபெஸ் பக்கத்து ஆள் என்று மட்டும் எழுதிவிட முடியாது. லியோன் கதையில் எந்தச் சமூகச் செய்தியும் இல்லை. சொல்லின் மேல் வில்யாவுக்கு இருந்த அக்கறை இவருக்கும் இருந்தது. இரண்டு பக்கத்தாரும் தங்களுக்கு வேண்டியதை இவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது.

அந்தத் தொகுப்பு வந்து அடுத்த ஆண்டு முடிவதற்குள் போர் வந்துவிட்டது. 1942 ஜனவரி 2 அன்று ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைந்தது. அர்கில்யா அலுவலக வேலையில் தொடர்ந்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் தணிக்கைக் குழுவிலும் உறுப்பினராக்கப்பட்டார். வெளியே பார்த்தால் புதிய ஆட்சிக்குப் பணிந்த அலுவலர். உள்ளே, ஜப்பானியருக்கு எதிரான கொரில்லாப் படைக்காக ரகசியமாகத் தகவல் சேர்க்கும் ஒரு குழுவை உருவாக்கி நடத்திக்கொண்டிருந்தார். லிதியாவும் கொரில்லாக்களோடு சேர்ந்தவரே. ஒரு நாள் ஜப்பானியர் அர்கில்யாவைக் கண்டுபிடித்துப் பிடித்தார்கள். பாசிக் ஆற்றின் முகத்தில் ஸ்பானியர் கட்டிய சந்தியாகோ கோட்டையைச் சித்திரவதைக் கூடமாக வைத்திருந்தார்கள், அங்கே கொண்டுபோனார்கள். 1944-இல் கொன்றார்கள். அவருக்கு வயது 33.

சொல்லாமல் விடுவதைக் கலையாகக் கற்றவர் அவர். அந்தத் தந்தை இருட்டில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்ததை எழுதிய கை. கோட்டைக்குள் அவர் எப்படி இருந்திருப்பார் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

லிதியா போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1951-இல் மணிலாவில் பிலிப்பைன்ஸ் ஓவியக் கூடத்தைத் தொடங்கியவர் அவர்தான். அந்நாட்டு நவீன ஓவியர்கள் பலருக்கு, வாங்க ஆள் இல்லாத காலத்தில் சுவர் கொடுத்த இடம் அது. கணவனும் மனைவியுமாகத் தொகுத்து எழுதிய பிலிப்பைன்ஸ் நாட்டுப்புறக் கதைகளும் நீதிக்கதைகளும் கொண்ட நூல் 1957-இல் வெளிவந்தது. ஆகவே சிறுகதைத் தொகுப்பு ஒன்றே ஒன்று என்பது சரி. நூல் என்று எண்ணினால் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே தொகுப்போடு ஏன் இவ்வளவு பேசப்படுகிறார் என்ற முதல் கேள்விக்கு இப்போது சுருக்கமாகச் சொல்லலாம். பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சிறுகதைக்கு ஊர் என்று ஒன்று கிடைத்தது இவர் மூலம்தான். பின்னால் வந்தவர்கள் மிந்தோரோ, சமார் தீவுகள், மணிலாவின் பழைய தெருக்கள் என்று தங்கள் தங்கள் இடத்தை எழுதப் போனபோது, ஆங்கிலத்தில் அது முடியும் என்பதற்கு நக்ரெப்கன் சான்றாக நின்றது.

எங்கே தொடங்குவது? 'நடுக்கோடை'யை முதலில் படியுங்கள். பதினைந்து நிமிடம் போதும்; அவருடைய வெயிலுக்கும் நடைக்கும் கண் பழகிவிடும். அடுத்து லியோன் கதை. முதல் முறை படித்து முடித்ததும் தந்தை கேட்கும் கேள்விகளை மட்டும் திரும்பப் போய்ப் படியுங்கள். பிறகு 'நக்ரெப்கனில் காலை'. 'அரிசி'யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய மூன்று கதைகளின் வயல்களையும் வண்டிகளையும் கண்ட பிறகு, அந்த நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று என்று அது சொல்லும். ஆங்கிலத்தில் வாசிப்பதாக இருந்தால் லியோன் கதையை வாய்விட்டுப் படியுங்கள். 'என் அண்ணன் லியோன்' என்ற சொற்றொடர் எத்தனையாவது முறை வரும்போது உங்கள் காதுக்கு ஆங்கிலமாகக் கேட்பது நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு நான்காவது முறையிலேயே நின்றுவிட்டது.